அணுக்கள் அழியாது என்றால், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டதும் எடை ஏன் குறைகிறது?

கேள்வி இதுதான்: வேதிவினையில் அணுக்கள் அழிவதில்லை, மொத்த எடை மாறாது என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. ஆனால் காளவாயில் 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைப் போட்டால் 60 கிலோகூடத் திரும்பி வருவதில்லையே, மீதி எங்கே?

மேலே போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாமல் போனதால் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, கணக்கையே போட்டுப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு கால்சியம், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன். அணு நிறைகள் முறையே 40, 12, 16. கூட்டினால் 40 + 12 + 48 = 100. (வாத்தியார்களுக்கு இந்த வினை பிடித்துப்போனதற்கு இந்த முழு எண்ணும் ஒரு காரணம்.) சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில், கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுகொள்கின்றன, அதன் நிறை 44. கால்சியமும் மிச்சமுள்ள ஒரு ஆக்சிஜனும் கால்சியம் ஆக்சைடாக, அதாவது சுட்ட சுண்ணாம்பாக, நிற்கின்றன; அது 56. ஆக, சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் கிடைக்கும். வெளியேறும் 44 கிலோ வாயு சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய 25,000 லிட்டர் இடத்தை அடைக்கும். பெரிய தண்ணீர் லாரி இரண்டை நிரப்பலாம்.

நன்றாக வெந்த கல்லைக் கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். உள்ளே சரியாக வேகாத கல் கனக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் மட்டும் பொரிந்து உதிரும், நடுவில் ஒரு கட்டி அப்படியே கிடக்கும். அந்தக் கட்டியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு இன்னும் வெளியேறவில்லை.

இதை முதலில் தராசு வைத்து ஒழுங்காகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். 1756-இல் தன் ஆய்வை வெளியிட்டார். சூளைத் தீயின் துகள்கள் கல்லுக்குள் புகுந்துகொள்வதால்தான் சுட்ட சுண்ணாம்புக்கு அந்தக் காரம் வருகிறது என்று அதுவரை பலரும் நம்பினார்கள். தண்ணீர் பட்டதும் கொதிப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஏதோ உள்ளே புகுந்திருந்தால் எடை கூட வேண்டுமே? பிளாக் எடைபோட்டபோது குறைந்திருந்தது. போனது ஒரு வாயு என்று காட்டினார். அந்த வாயுவைத் திரும்பச் சேர்த்தால் சுண்ணாம்பு கிட்டத்தட்ட பழைய எடைக்கே வருகிறது என்றும் காட்டினார். பொருண்மை அழியா விதியோடு நாம் சேர்த்துச் சொல்லும் லவாய்சியர் அப்போது பள்ளி வயதுப் பையன். டால்டனின் அணுக்கொள்கை வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

இனி சுட்ட சுண்ணாம்பை நீற்றுவோம். 56 பங்கு சுண்ணாம்பு 18 பங்கு தண்ணீரை இழுத்துக்கொண்டு 74 பங்கு கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. வெற்றிலைக்குத் தடவுவதும் இதுதான், சுவருக்கு அடிப்பதும் இதுதான். அப்புறம் சுவரில் என்ன நடக்கிறது? காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு 44 பங்கு உள்ளே வருகிறது, தண்ணீர் 18 பங்கு வெளியே போகிறது. 74 + 44 – 18 = 100. பழையபடி கால்சியம் கார்பனேட். வெள்ளையடித்த சுவரின் மேல் இருப்பது, வேதியியல்படி, சூளைக்குள் போன அதே பொருள்தான். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம் அளவுக்கே இருப்பதால், கனமான சுண்ணாம்புச் சாந்து உள்வரை இறுக வருடக்கணக்கில் ஆகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வெப்பக் கணக்கு. ஒரு மோல், அதாவது 100 கிராம், கல்லைப் பிரிக்க ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பம் கொடுக்க வேண்டும். நீற்றும்போது அதில் 65 கிலோஜூல் திரும்பி வருகிறது. தொட்டியில் தண்ணீர் கொதிப்பது இதனால்தான். சுவரில் இறுகும்போது மீதி 113 வருகிறது. மெதுவாக வருவதால் யாருக்கும் தெரிவதில்லை. கூட்டிப் பாருங்கள், 178. தீ உள்ளே ஒளிந்திருக்கிறது என்று நினைத்த பழைய ஆட்கள் எடை விஷயத்தில்தான் தவறினார்கள். ஆற்றல் விஷயத்தில் அவர்கள் அவ்வளவு தூரம் விலகிப் போய்விடவில்லை.

எடை கூடும் வினைகளும் உண்டு. மெக்னீசிய நாடாவை எரித்தால் 24 பங்கு 40 பங்காகிறது. கூடிய 16 காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். சிமெண்ட் ஆலையிலும் இதே சுண்ணாம்புக்கல்தான் சுடப்படுகிறது. அரியலூர்ப் பக்கம் அத்தனை ஆலைகள் இருப்பதே தரைக்குக் கீழே இருக்கும் கல்லுக்காக. எரிபொருளை எவ்வளவு சுத்தமாக்கினாலும் கல்லிலிருந்து வரும் அந்தப் பங்கு கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும்.

வீட்டில் சோதிக்க வேண்டுமென்றால் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் தெறித்தால் ஆபத்து. பெரிய பாத்திரத்தில் 150 மில்லி வினிகர், பக்கத்தில் ஒரு தாளில் 10 கிராம் சமையல் சோடா, இரண்டையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் வையுங்கள். சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிவிட்டுத் தாளையும் தராசிலேயே வையுங்கள். நுரை அடங்கியதும் 4 முதல் 5 கிராம் வரை குறைந்திருக்கும். வாயுவைப் பிடிக்கப் பலூன் மாட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். அப்போதும் எடை கொஞ்சம் குறைந்ததாகவே தராசு காட்டும், ஏனென்றால் ஊதிய பலூனைச் சுற்றியுள்ள காற்று மேலே தூக்குகிறது. பலூனை மாட்டினால் அந்தத் தூக்கலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.