லண்டன் டாக்ஸிக்காரர் மூளை பெருசாமே?

கேள்வி: சார், லண்டன்ல டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு மூளை வளருதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, நிஜமா, கட்டுக்கதையா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பாதி நிஜம். முழு மூளையும் வளரல, ஞாபகத்துக்கும் வழி தெரிஞ்சுக்கறதுக்கும் உதவுற ஹிப்போகேம்பஸ்னு உள்ள ஒரு சின்ன பகுதி இருக்கே, அதோட பின்பக்கம் மட்டும்தான். கண்டுபிடிச்சது எலனர் மக்வயர், டப்ளின்ல பொறந்து லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல வேலை பார்த்தவங்க, 2025 ஜனவரியில இறந்துட்டாங்க, 54 வயசுதான்.

அங்க கருப்பு டாக்ஸி லைசென்ஸ் வாங்குறது லேசுப்பட்ட காரியமில்ல. லண்டன் நடுவுல இருக்குற சேரிங் கிராஸ்ல இருந்து எந்தப் பக்கமும் ஆறு மைல் தூரத்துக்குள்ள சுமார் 25,000 தெரு, அதுபோக ஹோட்டல், தியேட்டர், ஆஸ்பத்திரின்னு எல்லாம் மனப்பாடமா தெரியணும், பரீட்சை வைக்கிறவர் ரெண்டு இடத்தைச் சொன்னா மேப் பாக்காம எந்தத் தெருவுல திரும்பி எதுல நுழையணும்னு வாயாலயே ஓட்டிக் காட்டணும், இதுக்கே மூணு நாலு வருஷம் மொபெட்ல ஊரைச் சுத்துவாங்க. 2000ல மக்வயர் இப்படிப்பட்ட 16 பேரை ஸ்கேன் பண்ணி மத்தவங்களோட ஒப்பிட்டாங்க, எத்தனை வருஷம் ஓட்டினாரோ அதுக்கு ஏத்த மாதிரி அந்தப் பின்பக்கம் பெருசா இருந்துச்சு.

உடனே ஒரு சந்தேகம் வரும், வரணும். வண்டி ஓட்டுறதாலயே அப்படி ஆயிருக்கலாமே? அதுக்கு 2006ல பஸ் டிரைவருங்களோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. அவங்களும் அதே டிராஃபிக்ல நாள் பூரா ஓட்டுறவங்கதான், ஆனா ரூட் ஒண்ணுதான், அவங்ககிட்ட அந்த வளர்ச்சி இல்ல. சரி, பொறக்கும்போதே அப்படி மூளை உள்ளவங்கதான் பாஸாகுறாங்களோ? இதுக்குத்தான் அசராம 79 டிரெய்னிங் ஆளுங்களை ஆரம்பத்துலயே ஸ்கேன் பண்ணி, வருஷக்கணக்கா காத்திருந்து மறுபடி பாத்தாங்க. ஆரம்பத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். பாஸானது 39 பேர், அவங்களுக்கு மட்டும் வளந்திருந்தது. 2011ல வந்த இந்த ஆராய்ச்சிதான் என்னைப் பொறுத்தவரைக்கும் அவங்க பண்ணதுலயே பெஸ்ட்டு, ஆனா வாட்ஸ்அப்ல இது வராது.

இன்னொண்ணும் வராது. இதுக்கு ஒரு விலை இருக்கு. டாக்ஸிக்காரங்களுக்கு ஹிப்போகேம்பஸோட முன்பக்கம் கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சு, சிக்கலான ஒரு கோட்டுப்படத்தைக் காட்டி, அரைமணி கழிச்சு ஞாபகத்துல இருந்து வரையச் சொன்னா மத்தவங்களை விட மோசமா வரைஞ்சாங்க.

கேள்வி: பையனை மெமரி பவர் கிளாஸ்ல சேர்க்கலாமா? பீஸ் ரொம்ப கேக்குறாங்க. (ஒரு அம்மா, சேலம்)

பதில்: பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்கம்மா. உலக ஞாபகப் போட்டியில ஜெயிக்கிற ரேஞ்சுல இருக்குற பத்து பேரை மக்வயர் டீம் 2003ல சோதிச்சாங்க. அறிவுத்திறன்ல பெரிய வித்தியாசம் இல்ல, மூளை அமைப்புலயும் இல்ல. பத்துல ஒன்பது பேர் பண்ணது பழைய டெக்னிக் ஒண்ணுதான்: தெரிஞ்ச வீட்டையோ தெருவையோ மனசுல நடந்துக்கிட்டே, வழியில ஒவ்வொரு இடத்துலயும் ஞாபகம் வைக்க வேண்டியதை ஒவ்வொண்ணா வச்சுட்டுப் போறது. இதை வீட்டுலயே காசில்லாம பழக்கலாம். "மொத்த ஞாபக சக்தியும் கூடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எதைப் பழகுறோமோ அதுதான் கூடும்.

கேள்வி: ஹிப்போகேம்பஸ் அடிபட்டா பழசு மட்டும்தான் மறக்குமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: அதுதான் இல்ல. 2007ல மக்வயர் டீம், மூளையோட ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பழுதான அஞ்சு பேர்கிட்ட, வெயில் அடிக்கிற அழகான ஒரு கடற்கரையில படுத்திருக்குற மாதிரி கற்பனை பண்ணிச் சொல்லுங்கன்னாங்க. நாலு பேருக்கு முடியல. ஏதோ துண்டு துண்டா சொன்னாங்களே தவிர ஒரு முழு காட்சியா சேரல. அதனால பழசை நினைக்கிறதும் இன்னும் நடக்காததைக் கற்பனை பண்றதும் ஒரே இடத்தை நம்பித்தான் இருக்குன்னு மக்வயர் வாதம் பண்ணாங்க, காட்சியைக் கட்டுறதுதான் அதோட முக்கிய வேலைன்னு. எல்லா ஆராய்ச்சியாளரும் இதை ஒத்துக்கல, இன்னும் சண்டை ஓடுது.

கேள்வி: அவங்களுக்கு நோபல் கிடைச்சுதா? (அதே வாசகி)

பதில்: நோபல் இல்ல, 2003ல டாக்ஸி ஆராய்ச்சிக்கு இக் நோபல் கிடைச்சுது, முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்குறது. இத்தனைக்கும் மக்வயருக்கே வழி கண்டுபிடிக்க சுத்தமா வராதாம், அவங்களே சொல்லியிருக்காங்க.