கடலையும் ஏரியையும் பிரிக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த மாதம் குடும்பத்தோடு நான்கு நாட்கள் ஒரு கடலோரப் பகுதிக்குப் போகிறோம். நீளமான கடற்கரை, அதை ஒட்டி இரண்டு மூன்று ஏரிகள். கூட்டமே இருக்காதாம். “அரை நாளில் பார்த்துவிடலாம், மிச்ச நாள் என்ன செய்வது?” என்று வீட்டில் கேட்கிறார்கள். கடலுக்கு ஒரு நாள், ஏரிக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கும்? படகில் போகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிரிக்காதீர்கள். கடலை ஒட்டிக் கிடக்கும் ஏரிகளில் பலவற்றை உண்டாக்கியதே கடல்தான். சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும். அந்த மணல் ஆற்று வாயிலும் வளைகுடாவின் வாயிலும் நீளமாகப் படிந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைத் தனியாக்கிவிடும். பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறி, அந்த ஏற்றம் மெதுவான பிறகு, சுமார் 6,000, 7,000 ஆண்டுகளுக்குள் உருவானவைதான் உலகின் பெரும்பாலான காயல்கள், அதாவது இப்படி மணலால் பிரிக்கப்பட்ட கடலோர ஏரிகள். நீங்கள் நிற்கப்போகும் கடற்கரையின் முதுகுப்பக்கம்தான் ஏரிக்கரை.

அதனால் முதல் நாள் காலை, வெயில் ஏறும் முன், நடுவில் இருக்கும் மணல்திட்டில் நடங்கள். ஏரி கடலோடு சேரும் வாய், அதாவது முகத்துவாரம், இருந்தால் அதுவரை போங்கள். அந்த ஊரில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும்போது கடல் உள்ளே வரும், வடியும்போது ஏரி வெளியே போகும். நீரோட்டம் திசை மாறும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போய்க் கரையில் உட்காருங்கள். இறால், மடவை போன்றவை கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இந்த வழியாக உள்ளே வந்து, அலையில்லாத நீரில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகின்றன. அந்தக் குறுகிய வாய் தூர்ந்துபோனால் ஏரியே நோய்ப்பட்டுவிடும்.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் அதுதான் நடந்தது. வண்டல் சேர்ந்து கடலோடு இருந்த தொடர்பு சுருங்கியது, நீரில் உப்பு குறைந்தது, களைச்செடிகள் பரவின, மீன்பாடு விழுந்தது. 1993-இல் ஆபத்திலிருக்கும் ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலில் சிலிகாவைச் சேர்த்தார்கள். 2000-இல் மணல்திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறந்தார்கள். உப்பு திரும்பியது, மீனும் திரும்பியது. 2002-இல் அந்தப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் கதை இது.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் யாரும் இறங்கக் கூடாது. முழங்கால் அளவுதானே என்று கடக்கவும் கூடாது. ஓதம் வடியும்போது ஏரித் தண்ணீர் அந்தச் சின்ன வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது கடலுக்குள் இழுத்துவிடும். ஆளில்லாத கடற்கரையில் காப்பாற்றவும் ஆள் இருக்காது.

பிள்ளைகளுக்கு என்ன இருக்கும் என்கிறீர்கள். நிறைய இருக்கிறது. கடல் பக்கத்து மணலை ஒரு கையிலும், ஏரி பக்கத்து மண்ணை இன்னொரு கையிலும் எடுத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அலை அடிக்கும் பக்கம் பெரும்பாலும் கரகரவென்று இருக்கும், அமைதியான பக்கம் நைசாக, சேறு கலந்து இருக்கும். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் ஏரிகளை ஒப்பிடச் சொல்லுங்கள். கரையில் நாணலும் கோரையும் செழித்திருந்தால் அநேகமாக நல்ல தண்ணீர். உமரிச்செடியோ அலையாத்தி மரமோ இருந்தால் உப்பு எட்டியிருக்கிறது. ஓதம் வடிந்து சேறு தெரியும் நேரத்தில் பறவைகள் இரைதேட வரும். குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி மேலாகக் கொத்தும், நீண்டு வளைந்த அலகுள்ளவை ஆழத்தில் துழாவும். ஒரு பைனாகுலர் கொண்டு போனால் நேரம் போவதே தெரியாது.

நடக்கும்போது காலடியையும் பாருங்கள். உப்புக்கொத்தியும் ஆலாவும் வெறும் மணலில்தான் முட்டையிடும், முட்டையும் மணல் நிறத்தில்தான் இருக்கும். ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடம்பங்கொடியையும் புல்லையும் மிதிக்க வேண்டாம். லித்துவேனியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சொந்தமான 98 கிலோமீட்டர் நீளக் குரோனியன் மணல்திட்டில், காட்டை வெட்டியதால் மணல் நகர்ந்து கிராமங்களையே மூடியிருக்கிறது. திரும்ப மரம் நட்டுத்தான் நிறுத்தினார்கள்.

படகில் தாராளமாகப் போகலாம். துடுப்புப் படகு கிடைத்தால் அதுவே நல்லது. மோட்டார் படகு என்றால் பறவைக் கூட்டத்துக்கு வெகு தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். காயல்கள் ஆழமில்லாதவை என்றாலும் அடியில் சேறு கால்களைப் பிடித்துக்கொள்ளும், பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள். காற்று பிற்பகலில் வலுக்கும் கரைகள் நிறைய உண்டு, ஆகவே காலையிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள்.