லைக் கணக்கும் கல்லாக் கணக்கும்

கேள்வி: காரைக்குடியிலிருந்து கண்டாங்கிச் சேலைகளை இன்ஸ்டாகிராம் வழியாக விற்று வருகிறேன். ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. விளம்பரத்துக்கு மாதம் 12,000 ரூபாய் செலவாகிறது. தறி ஓடும் காட்சியை வைத்து நான் போட்ட ரீலை இரண்டு லட்சம் பேர் பார்த்தும் விற்பனை கூடவில்லை. தரவுகளை அலசிச் சொல்லும் மென்பொருள் ஒன்றுக்குச் சந்தா கட்டச் சொல்கிறான் என் அண்ணன் மகன். வாங்கலாமா? எந்த எண்களை நான் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். எந்த ஆர்டர் எந்தப் பதிவைப் பார்த்து வந்தது என்ற குறிப்பு உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. அந்தக் குறிப்பு கைக்கு வராதவரை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் இன்ஸ்டாகிராம் இலவசமாகத் தரும் எண்களையே வண்ணப் படமாக வரைந்து காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குங்கள். இணைப்பைத் தொட்டவுடன் வாடிக்கையாளர் அனுப்பவேண்டிய முதல் வரி தானாகவே எழுதப்பட்டு நிற்கும்படி வாட்ஸ்அப் இணைப்பை அமைத்துக்கொள்ள முடியும். முகப்பில் உள்ள இணைப்பில் ‘சேலை விவரம் வேண்டும் – 1’ என்றும், ஸ்டோரியில் வைப்பதில் ‘– 2’ என்றும், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதற்கடுத்த எண்களையும் கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் வந்த வழி தெரிந்துவிடும். ரீலைப் பார்த்து வருபவர்களை மட்டும் கேட்டுத்தான் அறிய வேண்டும். பலர் சேலையின் ஸ்கிரீன்ஷாட்டோடுதான் வருவார்கள், அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. தேதி, கைபேசி எண், வந்த வழி, சேலை, தொகை, திரும்பி வந்ததா என்ற ஆறு பத்திகளோடு ஒரு கூகுள் ஷீட் போதும். தினமும் இரவில் கடையை ஒதுக்கி வைக்கும்போது எழுதிவிடுங்கள். வாரக் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும்.

இந்த ஏட்டோடு விளம்பரச் செலவைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை நிலவரம் தெரியும். ஒரு சேலையை 1,200 ரூபாய்க்கு விற்கிறீர்கள், கொள்முதல் 850, பொட்டலமும் கூரியரும் 100 என்று வைத்துக்கொள்வோம்; கையில் நிற்பது 250. 3,000 ரூபாய் விளம்பரம் 10 ஆர்டர்களைத் தந்தால் ஓர் ஆர்டருக்கு 300 ரூபாய் செலவாகி, விற்கும் ஒவ்வொரு சேலைக்கும் 50 ரூபாய் கைநஷ்டம். அதே பணத்துக்கு 15 ஆர்டர்கள் வந்தால் லாபம்போலத் தோன்றும். ஆனால் அவற்றில் ஐந்து, பொருள் கைக்கு வந்தபின் பணம் தருவதாகச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவை என்றால், போகவர கூரியர் கட்டணமும் சேர்ந்து முதல் விளம்பரத்தைவிட மோசமாகிவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. முதல் சேலையில் 50 ரூபாய் இழந்து பிடித்த வாடிக்கையாளர், பொங்கலுக்கு விளம்பரமே இல்லாமல் இரண்டு சேலை வாங்கினால் அந்த இழப்பு ஒரு முதலீடு. கைபேசி எண்ணைக் குறித்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி அந்த ரீல். இரண்டு லட்சம் என்பது பார்வைகளின் எண்ணிக்கையாகவே இருக்கும், ஆட்களின் எண்ணிக்கையாக இராது. ஒருவரே மூன்று முறை பார்த்தாலும் மூன்றுதான். சென்றடைந்த கணக்குகள் எத்தனை என்பதை, பார்வைகளைக் காட்டும் அதே புள்ளிவிவரப் பக்கத்தில் இன்ஸ்டாகிராம் தனியே காட்டும். அவர்களில் உங்களைப் பின்தொடராதவர்கள் எவ்வளவு, ரீலைப் பார்த்தபின் முகப்புக்கு வந்தவர்கள் எத்தனை பேர், சேமித்தவர்களும் பிறருக்கு அனுப்பியவர்களும் எத்தனை பேர் என்று பாருங்கள். தறி ஓடுவதை யாரும் ரசிப்பார்கள், சேலை கட்டாதவர்களும் ரசிப்பார்கள். முந்தானையை விரித்துக் காட்டி, நீளத்தையும் விலையையும் சொல்லும் சாதாரண வீடியோ நாலாயிரம் பார்வையோடு நின்றாலும், அதை அக்காவுக்கு அனுப்பி ‘இது எடுக்கலாமா’ என்று கேட்பவர்தான் வாங்குபவர். புதியவர்களிடம் ஒரு பதிவு பரவுவதற்கு இப்படி அனுப்பப்படுவது முக்கியக் காரணி என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரியும் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறார். அதற்காகத் தறி ரீலை விட்டுவிட வேண்டாம். பெயர் பரவ அது உதவும். விற்பனையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு விளம்பரங்களில் எது மேல் என்று ஒப்பிடும்போது அவசரம் கூடாது. ஒரே தொகையில், ஒரே நாட்களில், ஒரே சேலைக்கு, படம் மட்டும் மாறும்படி இரண்டையும் ஓடவிடுங்கள். ஒன்றுக்கு 9 ஆர்டர், மற்றதற்கு 5 என்று வந்தால் முதலாவது ஏறக்குறைய இரட்டிப்பு என்று கொண்டாடத் தோன்றும். இரண்டையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரட்டித்துப் பாருங்கள்: 14-இன் வர்க்கமூலம் சுமார் 3.7, இரட்டித்தால் 7.5. இரண்டு விளம்பரங்களின் ஆர்டர் வித்தியாசம் இதைவிடக் கூடினால்தான் நம்பலாம்; இங்கே அது வெறும் 4. இது தற்செயலாகவே நிகழக்கூடியது. அதே விகிதத்தில் 36-க்கு 20 என்று வந்தால் இரட்டித்த தொகை 15-க்குச் சற்றுக் குறைவு, வித்தியாசம் 16, அப்போது நம்பலாம். உங்கள் அளவு வியாபாரத்தில் அத்தனை ஆர்டர் சேர சில வாரங்கள் ஆகும். அதற்கு முன் மூன்றாம் நாளே விளம்பரத்தை மாற்றிக்கொண்டிருந்தால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

மாதத்தோடு மாதத்தை ஒப்பிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. தீபாவளி 2024-இல் அக்டோபர் 31 அன்றும் 2025-இல் அக்டோபர் 20 அன்றும் வந்தது. அக்டோபர் முதல் இருபது நாட்களை அப்படியே அருகருகே வைத்தால், ஓர் ஆண்டில் பண்டிகை நெரிசலும் மற்றதில் அதற்கு முந்தைய மந்தமும் ஒப்பிடப்படும். ‘தீபாவளிக்கு முந்தைய 30 நாட்கள்’ என்று எண்ணுங்கள். ஆடித் தள்ளுபடி நாட்களையும் தனியே குறித்துவையுங்கள்.

விளம்பரம் விற்கும் நிறுவனமே தரும் கணக்கை முழுதாக நம்பவும் வேண்டாம். வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை மிகைப்படுத்திக் காட்டிவந்ததாக 2016-இல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்குள் விலகியவர்களை வகுக்கும் எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டதே காரணம். நாளை நீங்கள் இணையதளம் தொடங்கினால், விளம்பரத்தைத் தொடாமல் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரையும், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளக்கூடும். உங்கள் ஏட்டோடு ஒத்துப்பாருங்கள்.

ஏட்டைத் தொடங்க அண்ணன் மகனையே உட்கார வையுங்கள், அவருக்கு இதில் ஆர்வம் இருப்பது நல்லதுதான். ஆர்டர்கள் பெருகி, ஷீட்டில் எழுத ஓர் ஆளைப் போட வேண்டிய நிலை வந்தால் மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் வாட்ஸ்அப் ஆர்டர்களை அது சேர்த்துக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் உங்களுக்கு அது பயன்படாது.