சட்டப்படி வந்தவர் இருக்கட்டும், மீறி வந்தவர் போகட்டும் என்று சொல்வதில் என்ன தவறு?

எல்லைப் பாதுகாப்பைப் பற்றி வாய் திறந்தாலே ஈரமில்லாதவன் என்று பட்டம் கட்டுகிறார்கள் எனக் குறைப்பட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது என்று நினைக்கிறேன். 2025 பிப்ரவரியில் அமெரிக்க இராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களைக் கைவிலங்கோடு கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியபோது உங்கள் வீட்டிலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியிருப்பார்கள். உங்கள் வாக்கியத்தில் தவறு இல்லை. நானே அதைப் பல ஆண்டுகள் பல இடங்களில் சொல்லிவந்தவன். எனக்கு இப்போதுள்ள சிக்கல் எல்லாம் அதிலுள்ள 'சட்டப்படி' என்னும் ஒற்றைச் சொல்லோடுதான். 2024 பொங்கலுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வண்ணம் பூசிய நான்கு நாட்களில் ஏற்பட்ட சிக்கல் அது.

எங்களுக்குப் பூர்வீகம் பாகூர்ப் பக்கம். புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே துண்டு நிலம் அன்று. வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி, அந்தப் பக்கம் பிரிட்டிஷார் ஆட்சி என்றுதான் என் பாட்டியின் காலம் கழிந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான இணைப்பு அன்றைக்கு நடக்கவில்லை. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்து அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அந்த நாளில் இங்கே பிறந்து இங்கேயே வசித்துவந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

என் தாத்தாவின் அண்ணன், அதாவது எங்கள் பெரிய தாத்தா, 'சொல்தா'. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன்வரை போய் வந்தவர், ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர். அவருக்கு அந்தத் தாளின் மதிப்பு தெரிந்திருந்தது, எழுதிக் கொடுத்துவிட்டார். என் தாத்தாவுக்கு இருந்ததெல்லாம் இரண்டு காணி நிலமும் பிரெஞ்சு மொழி மீது ஓர் அச்சமும்தான். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும், பிள்ளைகளுக்கு இங்கே அரசு வேலை கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி அவர் போகவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கித் தின்ற இரண்டு சகோதரர்களின் வாரிசுகள் அந்த ஆறு மாதத்தில் இரண்டு நாட்டவர் ஆனார்கள். ஒருவரும் எங்கும் போகவில்லை. எந்த எல்லையையும் தாண்டவில்லை.

பெரிய தாத்தாவின் பேரன் எனக்கு அண்ணன் முறை. 1964-இல் இதே ஊரில் பிறந்தவர், பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடிமகன். பிரான்சு எப்படி இருக்கும் என்று அவர் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தது பத்தொன்பதாம் வயதில். உழைப்பாளி. அங்கே போய்ப் பனியில் நின்று வேலை செய்து வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் பிள்ளைகள் தமிழ் படிப்பார்கள்.

அந்தப் பொங்கலுக்கு அவர் வந்திருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2023 டிசம்பர் 19-இல், பிரான்சு நாடாளுமன்றம் புதிய குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. வெளிநாட்டவருக்குப் பிரான்சில் பிறந்த பிள்ளைகள் பதினெட்டு வயதில் தாமாகவே குடிமக்கள் ஆகிவிடாமல், தாங்களே விருப்பம் தெரிவித்தால்தான் குடியுரிமை என்ற ஒரு பிரிவும் அதில் இருந்தது. அண்ணனுக்கு அந்தச் சட்டத்தில் முழு மகிழ்ச்சி. கூடத்தில் உட்கார்ந்து காப்பியை ஆற்றியபடி, "அங்க பொறந்துட்டா மட்டும் போதுமா தம்பி?" என்றார். "அதுதானே" என்றேன் நான்.

கூடத்துச் சுவரில் அப்போது பட்டி வைத்துக்கொண்டிருந்தவர், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு முகாமிலிருந்து வந்த பெயிண்டர். ஏணியின் மேல்படியில் நின்று உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கை சற்று நின்று, பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கியது. அது எனக்கு அப்போது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எங்களோடு எங்கள் தமிழில்தான் பேசுவார். கைப்பேசியில் தாயாரோடு பேசும்போது மட்டும் "ஓம், ஓம்" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் இலங்கைத் தமிழர் என்பதே எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அவர் வரவில்லை, பதினோரு மணிக்கு மேல்தான் வந்தார். முகாமில் அன்று 'செக்கிங்', ஆள் இருக்கிறாரா என்று அதிகாரிகள் சரிபார்க்கும் நாள், அதனால் தாமதம் என்றார். பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது சுவர் காயாமல் கிடக்கும் எரிச்சலில் நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டு, அன்றைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். "முன்னாடியே சொல்ல வேண்டாமா? இதெல்லாம் உங்க வசதிக்கு வந்து போற வேலையா?" என்று கேட்டதாக நினைவு. அவர் மறுத்துப் பேசவில்லை. தன் கைப்பேசியை எடுத்து, ஏதோ தேடி, ஒரு படத்தை என்னிடம் காட்டினார்.

அது அவருடைய பிறப்புச் சான்றிதழ். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, பின்பக்கம் பசைநாடா ஒட்டிய தாளைப் படம் எடுத்து வைத்திருந்தார். பிறந்த ஆண்டு 1991. மாவட்டம் என்ற இடத்தில் தென்னாற்காடு என்று இருந்தது. இன்றைய விழுப்புரமும் கடலூரும் ஒன்றாக இருந்த பழைய தென்னாற்காடு; கடலூர்தான் அதன் தலைநகர். என் தாயார் பிறந்ததும் அதே மாவட்டத்தில்தான். அவருடைய பெற்றோர் 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது மன்னாரிலிருந்து படகில் இராமேசுவரம் வந்தவர்கள். அவர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. "நானும் இங்க பொறந்தவன்தான் சார்" என்றார். முந்தைய நாள் காப்பி ஆற்றும்போது நாங்கள் பேசியதற்கான பதில் அது என்பது எனக்கு இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

இந்தியாவைப் பார்க்காமல் இந்தியரானவர்கள், பிரான்சைப் பார்க்காமல் பிரெஞ்சுக்காரர் ஆனவர்கள் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்து, வேறெந்த நாட்டையும் பார்க்காமல் அயல்நாட்டவராக இருப்பவரை நான் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு குடியுரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராக இருந்தாலும் பொதுவாகப் பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இன்னும் கடுமை: ஒருவர் குடிமகனாக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. அந்த 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லுக்கு வரையறை வந்ததும் 2003-இல் நிறைவேறிய திருத்தத்தில்தான். உரிய ஆவணமின்றி வந்தவர் எவரும் அதில் அடக்கம். அப்படிப்பட்டவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற முடியாது. ஆக, பெயிண்டரின் பெற்றோர் முப்பது ஆண்டுக்கு மேல் அரசு கொடுத்த முகாமில், அரசு கொடுத்த உதவித்தொகையில், அரசின் கணக்கில் இருந்தும் அவர்கள் வந்த வகை சட்டவிரோதம்தான்.

மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், இந்தத் தேதிக் கணக்கை வைத்தே நீதிமன்றம் போய் 2022-இல் தமக்குச் சாதகமான உத்தரவு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டுப் பெயிண்டரின் பெற்றோர் முன்பே வந்து, அவர் இங்கே ஐந்து ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் அவருக்கும் அது வாய்த்திருக்கும். என் தாத்தாவுக்கு ஆறு மாதம். இவருக்கு ஐந்து ஆண்டு.

எல்லையைத் திறந்துவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை மறக்கும் வயது இல்லை எனக்கு. அதன் பிறகு அரசும் மக்களும் அகதிகளைச் சந்தேகத்தோடு பார்த்ததற்குக் காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2008-இல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாகத்தான் வந்தார்கள். இன்றைக்கும் கடலூர், புதுச்சேரிக் கரைகளில் 'சாகர் கவச்' ஒத்திகை நடக்கும்போது, பயங்கரவாதிகள் போல வேடமிட்ட போலீசாரைப் பிடித்துக்கொடுப்பவர்களில் மீனவர்களும் உண்டு. அந்தக் காவலை நான் குறைத்து மதிக்கவில்லை. வருபவர் யார் என்று கேட்பதும், பதிவு செய்வதும், தேவைப்பட்டால் திருப்பி அனுப்புவதும் அரசின் கடமை. என் கேள்வி, கேட்டுப் பதிவு செய்து முப்பது ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பின் என்ன என்பதுதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். காரைக்கால், நாகப்பட்டினம் மீனவர்கள் கடல் எல்லையைத் தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும்போது நம்மில் யாரும் 'சட்டத்தை மீறியவர் போகட்டும்' என்று சொல்வதில்லை. 1974-லும் 1976-லும் இரண்டு அரசுகள் காகிதத்தில் போட்ட கோடு அலையில் எங்கே தெரியும் என்று கேட்கிறோம். இலங்கைத் தரப்பு மீனவர்களுக்கும் இதில் நியாயமான மனக்குறை உண்டு. ஆனாலும் நம் ஆட்கள் என்றதும் நம் இலக்கணம் மாறிவிடுகிறது. என்னுடையதும்தான்.

என் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லையென்றாலும் மனத்தில் கிடந்து அறுக்கிறது. 2018-இல் ஐரோப்பிய நாடு ஒன்றில் இருக்கும் என் அக்காள் மகளுக்குத் திருமணம். நான் ஒரே தாய்மாமன். வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், சம்பளச் சான்று, பயணக் காப்பீடு, அழைப்பிதழ் எல்லாம் வைத்துத்தான் விசாவுக்கு விண்ணப்பித்தேன். திரும்பி வந்தது ஓர் அச்சிட்ட தாள். அதில் வரிசையாகக் காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறு கட்டம். விசாக் காலம் முடியும் முன் நான் திரும்பிப் போவேன் என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்ற வரிக்கு எதிரே ஒரு குறி. கட்டிய கட்டணம் திரும்பி வரவில்லை. வாங்கிய பட்டுப்புடவையும் மோதிரமும் கூரியரில் போயின, வேறு யாரோ மாமன் இடத்தில் நின்று அவளுக்கு மாலை போட்டார்கள். அப்போது தொலைபேசியில் அண்ணன்தான் ஆறுதல் சொன்னார்: "சட்டம் அப்படித்தான் தம்பி, உன்ன மாதிரி போனவன் எத்தன பேரு திரும்பல." அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தாளைப் பிடித்தபடி நான் நின்ற நிலையில் வாழ்நாள் முழுவதும் நிற்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு நேர்ந்த அநியாயம் என்று மட்டுமே தோன்றியது.

அந்தப் பொங்கலுக்குப் பின் நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 25-இல் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் அந்தச் சட்டத்தின் 86 பிரிவுகளில் 35-ஐ முழுதாகவோ பகுதியாகவோ நீக்கியது. பிறப்பால் வரும் குடியுரிமை பற்றிய பிரிவும் அதில் போயிற்று, மூல மசோதாவோடு தொடர்பில்லாதது என்ற நடைமுறைக் காரணத்தால். அண்ணனுக்கு வருத்தம். மார்ச் 11-இல் இங்கே குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் வந்தன. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தாருக்கு 'சட்டவிரோதம்' என்ற முத்திரை நீங்க வழி பிறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தார்கள். நல்ல காரியம். தண்டனை இல்லை, ஆனால் குடியுரிமையும் இல்லை.

எனவே, உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இதுதான்: உங்கள் வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடம் சொல்கிறீர்களோ அவரிடம் எந்த ஆண்டுச் சட்டப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீறி வந்தவர் போகட்டும் என்றால், எங்கள் வீட்டுப் பெயிண்டர் எங்கிருந்து வந்தார், எங்கே போக வேண்டும் என்பதற்கு எனக்கு விடை தெரியவில்லை. அமிர்தசரஸில் இறங்கியவர்களுக்குத் திரும்பி வர ஓர் ஊராவது இருந்தது.

பிடித்த அரைநாள் கூலியைக் கடைசி நாள் கணக்கு முடிக்கும்போது சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். சென்ற ஆண்டு கொல்லைப்புறச் சுவருக்காக அழைத்தபோது, கையில் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி இன்னொருவர் எண்ணைக் கொடுத்துவிட்டார்.