குரூப் டிஸ்கஷனில் வாயடைத்துப்போகும் பையனுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன், தம்பி மெக்கானிக்கல் மூன்றாம் வருடம், மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, வேலைத் தேர்வுக்காகக் கல்லூரியில் நடக்கும் மாதிரி குரூப் டிஸ்கஷனில் மட்டும் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

போன வாரம் தம்பியோடு அரை மணி நேரம் தமிழிலேயே பேசினேன். "உங்க மினி புராஜெக்டில் எது சரியா வரலை?" என்று கேட்டேன். 'மினி புராஜெக்ட்' என்ற சொல் காதில் விழுந்ததுமே பார்வை கூரைக்குப் போய்விட்டது. புராஜெக்டின் தலைப்பு, நோக்கம், பயன் எல்லாம் மளமளவென்று வந்தன. எது சரியாக வரவில்லை என்பது மட்டும் வரவில்லை. கேள்வியின் பின்பாதியை அவர் கேட்கவே இல்லை. இது மொழிக் குறை இல்லை அம்மா. பதிலைத் தேடும் பதற்றத்தில் காது அடைத்துக்கொள்கிறது.

இதற்கு நான் நம்பும் மருந்து, வசனம் எழுதிவைக்காமல் அந்தந்த நேரத்தில் உருவாக்கி நடிக்கும் நாடகக்காரர்களின் பயிற்சி. பையனை மேடை ஏற்றச் சொல்லவில்லை. இந்தப் பயிற்சிகளில் பல தொடங்கியதே பிள்ளைகளிடம்தான். 1930-களின் கடைசியில் சிகாகோவில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்காக வயோலா ஸ்போலின் என்ற அம்மையார் இவற்றை விளையாட்டுகளாக வடிவமைத்தார். பின்னாளில் நடிகர் ஆலன் ஆல்டாவின் முயற்சியால் 2009-ல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் உருவானது. விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சியைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொல்ல, அங்கே இதே வகைப் பயிற்சிதான் கொடுக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒன்றைத் தொடங்குங்கள். ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். நம் அந்தாதியேதான். "ரேஷன் கடையில் இன்னைக்குப் பருப்பு வரலை" என்று நீங்கள் சொன்னால், "வரலைன்னா நாளைக்கு நானே போய்ப் பார்க்கிறேன்" என்று அவர் எடுக்க வேண்டும். தமிழில், பருப்பு வந்ததா வரவில்லையா என்பதே வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். அதனால் பாதியிலேயே பதிலைத் தயார் செய்ய வழியே இல்லை, முழுசாகக் கேட்டே ஆக வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது பத்து நிமிடம் போதும். தங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது கைவந்த பிறகு, 'ஆமா, அப்புறம்'. எதிரில் இருப்பவர் சொன்னதை முதலில் ஏற்று, அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பது. வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடப் போடக் கதை நகர்வதைக் கேட்டிருப்பீர்கள். தலைப்பு மின்சார வாகனம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் "சார்ஜ் போட இடம் இல்லை" என்கிறார். அதை வெட்டிப் பேசத்தான் நாலு பேர் பாய்வார்கள். தம்பி, "இடம் குறைவுதான், அதனாலேயே ஆட்டோக்களுக்கு பேட்டரியைக் கழற்றி மாற்றும் முறை பொருந்தும்" என்று தொடர்ந்தால் போதும். புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை, பிடித்துக்கொள்ள முந்தையவர் சொன்னது இருக்கிறது. கருத்து மாறுபட்டாலும் சரி, அவர் சொன்னதில் உண்மையான பகுதியை ஒப்புக்கொண்டு அப்புறம் மாறுபடலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டெக்னிக்கல் நேர்காணலில் தெரியாத விடையை இட்டுக்கட்டக் கூடாது. "இது எனக்குத் தெரியாது சார், ஆனா இந்த இடத்திலிருந்து யோசிப்பேன்" என்று சொல்லும் தைரியம்தான் இந்தப் பயிற்சியால் வர வேண்டியது. பாடத்தைப் படிப்பதற்கு இது மாற்று ஆகாது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாடும்போது 'சூப்பர்' என்றோ 'ஐயோ தப்பு' என்றோ சொல்லிவிடாதீர்கள். பாராட்டையோ கண்டிப்பையோ எதிர்பார்த்து நிற்பவனுக்குத் தன்னியல்பு வராது என்பதில் ஸ்போலின் உறுதியாக இருந்தார். நம் பிள்ளைகளுக்கு எல்.கே.ஜி.யிலிருந்தே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மார்க் போட்டுவிட்டோம். அந்தப் பத்து நிமிடமாவது மார்க் இல்லாமல் இருக்கட்டும். தடுமாறினால் நீங்களே அடுத்த வரியை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு மாதம் கழித்துத் தம்பியைத் தனியாகவே என்னிடம் அனுப்புங்கள். அதே மினி புராஜெக்ட் கேள்வியைத்தான் மறுபடி கேட்பேன்.