பகுதிநேரப் பணியாளர்களை நீக்கியதும் டங்கன் குறியீட்டெண் குறைவது ஏன்?

வணக்கம். பகுதிநேரப் பணியாளர்களைத் தரவிலிருந்து நீக்கியதும் தொழில்சார் பாலினப் பிரிவினையை, அதாவது ஆண்களும் பெண்களும் வெவ்வேறு தொழில்களில் பிரிந்திருக்கும் அளவைக் காட்டும் டங்கன் குறியீட்டெண் குறைந்துவிட்டது என்றும், ஆகவே பகுதிநேர வேலையே பிரிவினைக்குக் காரணம் என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கை மட்டும் வைத்து அப்படி எழுத முடியாது.

மொத்தப் பெண்களில் ஒரு தொழிலில் இருப்போரின் பங்குக்கும் மொத்த ஆண்களில் அதே தொழிலில் இருப்போரின் பங்குக்கும் இடையேயான வேறுபாட்டை, கூட்டல் கழித்தல் குறி பாராமல், எல்லாத் தொழில்களுக்கும் கூட்டினால் வரும் தொகையில் பாதிதான் அந்த எண். பகுதிநேரப் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் விற்பனை, துப்புரவு, குழந்தைகள், முதியோர் பராமரிப்பு, எழுத்தர் பணி போன்ற, ஏற்கெனவே பெண்கள் மிகுந்த தொழில்களில் குவிந்திருப்பதால், அவர்களை நீக்கும்போது எஞ்சும் பெண்களின் தொழில் பரவலே மாறிவிடுகிறது. குறைவு அங்கிருந்து வருகிறது. அது காரணத்தைச் சொல்வதில்லை.

காரணம் இரு திசையிலும் ஓடக்கூடும். குழந்தை பிறந்தபின் வேலைநேரத்தைக் குறைக்க விரும்பும் ஒருவர், தம் தொழிலில் அதற்கு இடமில்லாததால் வேறு தொழிலுக்கு மாறியிருக்கலாம். அல்லது பெண்கள் மிகுந்த தொழில் என்பதாலேயே முதலாளிகள் அதைக் குறுநேரப் பணிகளாகப் பிரித்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, அதே நபர்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் தரவு வேண்டும்; நேரத்தைக் குறைத்தவர்களில் எத்தனை பேர் தொழிலையும் மாற்றினார்கள் என்பதே உங்கள் உண்மையான கேள்வி.

தொழில் வகைப்பாட்டின் நுணுக்கத்தையும் குறிப்பிடுங்கள். 2008ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டில் (ISCO-08) 10 பெரும்பிரிவுகளும் 436 அடிப்படைப் பிரிவுகளும் உள்ளன; நுணுக்கமான பிரிவுகளுக்குச் செல்லச் செல்ல டங்கன் குறியீட்டெண் பொதுவாக உயரும்.