குவாலிட்டி பிரிவில் வேலை: மகளை அனுப்பலாமா?

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் மெக்கானிக்கல் முடித்திருக்கிறாள். முதல் வேலை ஒரு உதிரிபாக நிறுவனத்தின் குவாலிட்டி பிரிவில் கிடைத்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் அதில் சந்தோஷம் இல்லை. “நாலு வருஷம் படித்துவிட்டு, ஸ்கேலும் கையுமாக நின்று நல்லது கெட்டது பொறுக்கிப் போடுவதற்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள். டிசைன் வேலை கிடைக்கும்வரை ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டுமா என்பது உங்களுடைய இரண்டாவது கேள்வி. இந்த வேலையில் வளர்ச்சி உண்டா என்பது மூன்றாவது.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பொறுக்கிப் போடுவதற்கு மட்டுமே குவாலிட்டி என்று பெயர் வைத்து நடத்தும் கம்பெனிகள் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தால் மூன்று வருஷம் கழித்தும் உங்கள் மகள் அதே மேஜையில் அதே வெர்னியர் அளவுகோலோடு உட்கார்ந்திருப்பாள். அதிலும் இப்போது அந்த வேலையில் பாதியைக் கேமராவும் கம்ப்யூட்டரும் செய்யத் தொடங்கிவிட்டன. ஆனால் அதே பெயர்ப்பலகைக்குப் பின்னால் முற்றிலும் வேறான ஒரு வேலையும் இருக்கிறது. இந்த ஆலோசனைத் தொழிலுக்கு வரும் முன் எட்டு வருஷம் நானே ஒரு தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பொருள் 20 கட்டங்களைத் தாண்டி வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு 99 சரியாகவே நடக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபதையும் பெருக்கிப் பார்த்தால், கடைசியில் எந்தக் கட்டத்திலும் தவறாமல் வருவது ஏறக்குறைய 82தான். மீதி 18 எங்கோ ஓரிடத்தில் இடறியவை. அந்தப் பதினெட்டுக்கும் மூலப்பொருள், மின்சாரம், ஆள் நேரம் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டன. இனி அவற்றைப் பிரித்துச் சரிசெய்ய ஓவர்டைம். அதனால் டெலிவரி தாமதம். தாமதத்தைச் சமாளிக்க வாடிக்கையாளரிடம் சாக்கு. ஒவ்வொரு கட்டத்தையும் 99.9க்குக் கொண்டுபோனால் கடைசியில் 98 நல்ல பொருள் கிடைக்கும். கடைசியில் வாசலில் நின்று சோதிக்கும் ஆட்களை இரண்டு மடங்காக்கினாலும் இந்த மாற்றம் வராது. ஆயிரம் பொருளைப் பார்த்துச் சலித்த கண் ஆயிரத்து ஒன்றாவதைக் கோட்டைவிடும், அவ்வளவுதான்.

தரத்தைக் கூட்டினால் செலவும் கூடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். தங்கமுலாம் பூசினால் கூடத்தான் செய்யும். தவறைக் குறைப்பது வேறு சங்கதி. வீணாவது குறைகிறது, அதே மெஷினில் அதிகப் பொருள் வருகிறது, சொன்ன தேதியில் சரக்கு போகிறது, வாங்கியவர் திரும்ப வருகிறார். அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானுக்குப் போய்ப் பொறியாளர்களிடமும் நிறுவனத் தலைவர்களிடமும் அடித்துச் சொன்னது இந்தச் சங்கிலியைத்தான். மறு வருஷமே அவர் பெயரில் அங்கே ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். 1954இல் இன்னொரு அமெரிக்கத் தர நிபுணர் ஜோசப் ஜூரான் போனார். தவறு செய்வதற்கு ஒரு நிறுவனம் எவ்வளவு பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கணக்கில் காட்டினால்தான் முதலாளி காது கொடுப்பார் என்பது அவர் வழி. என் அனுபவத்தில் ஜூரான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கோளாறைக் கோளாறாகச் சொன்னவரை விட, அதைப் பணமாக மாற்றிச் சொன்னவருக்குத்தான் கூட்டத்தில் நாற்காலி கிடைத்தது.

இன்னொன்று சொன்னால் இதில் எவ்வளவு மூளை வேலை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே இரும்பு. துளை 10 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒன்று 10.01, அடுத்தது 9.99, அப்புறம் 10.02. எந்த மெஷினுக்கும் இப்படி ஒரு இயல்பான அலைவு உண்டு. புதிதாக வந்தவர் 10.02ஐப் பார்த்ததும் பதறி மெஷினைத் திருகுவார். அடுத்தது 9.97 வரும். மறுபடி திருகுவார். நல்ல எண்ணத்தோடு அவரே அலைவைப் பெரிதாக்கிக்கொண்டிருப்பார். எப்போது கை வைக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று பிரித்துக் காட்ட அமெரிக்கரான வால்டர் ஷூவார்ட் 1924 மே மாதம் ஒரு பக்கக் குறிப்பு ஒன்றில் ஒரு படம் வரைந்தார். இயல்பான அலைவின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கோடு போட்டுக் காட்டும் அதுதான் கண்ட்ரோல் சார்ட். நூறு வருஷம் ஆகியும் அதற்கு வேலை போகவில்லை. உங்கள் மகள் கல்லூரியில் படித்த புள்ளியியல் இங்கேதான் உயிர் பெறும்.

சரி, என் கதை ஒன்று. நான் இருந்த இடத்தில் பம்ப் செய்தோம். ஒரு வாடிக்கையாளரிடமிருந்து எண்ணெய் கசிகிறது என்று புகார். பிரித்துப் பார்த்தால் உள்ளே தவறான ரப்பர் வளையம். ரிப்போர்ட் எழுதும் பொறுப்பு என்னுடையது. “காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. நடவடிக்கை: பயிற்சி அளிக்கப்பட்டது.” எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு மாதத்தில் அதே புகார், வேறு ஆபரேட்டர். அதே இரண்டு வரிகளை மறுபடி எழுதினேன். மூன்றாவது முறை வந்தபோது என் மேலாளர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமலே சொன்னார்: “இன்னைக்கு நைட் ஷிஃப்ட் முழுக்க அந்த இடத்துல போய் நில்லு. யாரையும் கேள்வி கேக்காத. பாரு.”

நின்றேன். நடு இரவில் மாடல் மாறியது. பழைய மாடலுக்கு எடுத்து வைத்து மிச்சமான வளையங்களை ஆபரேட்டர் பெட்டியில் திருப்பிப் போட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள், இரண்டிலும் கறுப்பு வளையங்கள், விட்டத்தில் 2 மில்லிமீட்டர் மட்டும் வித்தியாசம். மங்கலான வெளிச்சம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் மாற்றித்தான் போட்டிருப்பேன். இரண்டும் ஏன் ஒரே நிறம் என்று விசாரித்துக்கொண்டே போனால் அது கொள்முதல் பிரிவில் போய் நின்றது. அங்கிருந்து டிசைன் பிரிவுக்குப் போனது. வரைபடத்தில் நிறமே குறிப்பிடவில்லை. ஒரு வளையத்தைப் பச்சையாக்கினோம். மாடல் மாறும்போது மிச்சத்தோடு சேர்த்துப் பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று வைத்தோம். நான் அங்கே இருந்தவரை அந்தப் புகார் திரும்ப வரவில்லை. நான் “கவனக்குறைவு” என்று எழுதிய இரண்டு ஆபரேட்டர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் சிரித்துக்கொண்டே “விடுங்க சார்” என்றார், மற்றவர் சிரிக்கவில்லை.

இப்படிச் சிந்திப்பதில் ஜப்பானியர்கள் நமக்கு முன்னோடி. 1961இல் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் ஒரு ஸ்விட்ச் தொழிற்சாலைக்குப் போனார். ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். சில சமயம் ஒன்று விட்டுப்போகும். திட்டியும் பார்த்தாயிற்று, பலன் இல்லை. அவர் சொன்ன வழி இதுதான்: முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சிறு தட்டில் வை, அப்புறம் பொருத்து. முடித்த பிறகு தட்டில் ஒன்று கிடந்தால் மறந்துவிட்டாய் என்று அர்த்தம். இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு முதலில் ‘முட்டாள் தடுப்பு’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். ஒரு பெண் தொழிலாளி மனம் நொந்து அழுத பிறகு ‘தவறு தடுப்பு’ என்று மாற்றினார்கள். பெயர் மாற்றத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஆளைக் குறை சொல்லும் இடத்தில் தவறுகள் ஒளிந்துகொள்ளும். ஒளிந்த தவறு வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகுதான் வெளியே வரும்.

வாடிக்கையாளர் திருப்தி பற்றி ஒரே ஒரு விஷயம். அளவெல்லாம் சரியாக இருப்பதும் வாங்கியவர் சந்தோஷப்படுவதும் ஒன்றல்ல. குழந்தைகள் திறக்க முடியாத மருந்துப் பாட்டில் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனையிலும் தேறியிருக்கும். கைமூட்டு வலியோடு இருக்கும் வயதானவர் அதோடு அரை மணி நேரம் போராடுவார். அவர் புகார் எழுத மாட்டார். அடுத்த முறை வேறு நிறுவனத்து மருந்தை வாங்குவார். வராத புகாரைத் தேடிப் போவதும் இந்த வேலையில் சேர்த்தி.

வளர்ச்சி உண்டா என்று கேட்டீர்கள். என் வளையக் கதையைத் திரும்பப் பாருங்கள். ஒரு கசிவுக்காக உற்பத்தி, கொள்முதல், டிசைன் மூன்று பிரிவுக்கும் போய் வந்தேன். புதிதாகச் சேர்ந்த வேறு யாருக்கும் முதல் வருஷத்திலேயே நிறுவனம் முழுவதும் இப்படித் திறந்து கிடைக்காது. டிசைனுக்குப் போக ஆசை இருந்தால், டிசைன்கள் எங்கே தோற்கின்றன என்று இரண்டு வருஷம் பார்த்துவிட்டுப் போவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. துறை மாறவும் இடம் இருக்கிறது. வாகனத் துறைக்கு ஐஏடிஎஃப் 16949, மருத்துவக் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 13485, விமானத் துறைக்கு ஏஎஸ் 9100 என்று தரநிலைகள் வேறு வேறாக இருந்தாலும் அடியில் ஓடும் சிந்தனை ஒன்றுதான். தொழிற்சாலைக்கு வெளியேயும் அது போகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது அறுவை சிகிச்சை மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தன.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் லாரி வாசலில் நிற்கும். “இந்த ஒரு லாட்டை மட்டும் விட்டுடுங்க” என்று உற்பத்தி மேலாளர் கெஞ்சுவார், அப்புறம் மிரட்டுவார். உங்கள் மகள் கையெழுத்துப் போட மறுத்தால் அன்று அங்கே அவளுக்கு நண்பர்கள் இருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரும் வாரம் வீட்டுக்கு நேரத்தோடு வர முடியாது. எல்லோருக்கும் ஒத்துவரும் வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து வருவதை மகளிடம் படிக்கக் கொடுங்கள்.

அம்மா, நீ வேலையில் சேரும் முன் அவர்களிடம் பேச ஒரு வாய்ப்புக் கேள். குவாலிட்டி தலைவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்று விசாரி. உற்பத்தித் தலைவருக்குக் கீழே என்றால் கொஞ்சம் யோசி. அந்த லாரிக் கதையில் யார் ஜெயிப்பார் என்று உனக்கே புரியும். கோளாறு கண்டால் ஆபரேட்டரே லைனை நிறுத்தலாமா என்று கேள். சுவரில் மாட்டிய ஐஎஸ்ஓ 9001 சான்றிதழைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதே. 1987இல் வந்த அந்தத் தரநிலை, வேலை செய்யும் முறை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. வெளியே வரும் பொருளுக்கு அது கொடுக்கும் முத்திரை அல்ல.

சேர்ந்தால் முதல் ஆறு மாதம் மெஷின் பக்கத்திலேயே இரு. அளக்கும் கருவியையே முதலில் சந்தேகப்படப் பழகு. ஒரே துண்டை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வருகிறதா என்று பார். எக்செலில் நன்றாகக் கை ஓடட்டும். சிக்ஸ் சிக்மா என்ற தவறு குறைக்கும் முறையில் பெல்ட் வாங்கச் சொல்லி, அதாவது சான்றிதழ் வாங்கச் சொல்லி, நிறைய விளம்பரம் வரும். மோட்டரோலா 1986இல் தொடங்கிய முறை அது. பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 தவறு என்பது அதன் இலக்கு. முறை நல்ல முறைதான். ஆனால் கையில் ஒரு பிரச்சினைகூட இல்லாமல் வாங்கிய பெல்ட் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும். முதலில் ஒரு கோளாறைத் தீர்த்துப் பார், அப்புறம் அதில் கிரீன் பெல்ட் என்ற நிலைக்குப் படி. தெளிவாக எழுதவும் பழகு. நல்ல விசாரணை பல, ரிப்போர்ட் புரியாமலே செத்துப்போயிருக்கின்றன.

ஐயா, வீட்டில் ஒரு வருஷம் காத்திருக்க வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் சம்மதம் எழுதிக் கொடுக்கும் முன் அவள் இன்னும் ஒரு கேள்வியை அங்கே கேட்கட்டும்: “போன வருஷம் வந்த ஒரு வாடிக்கையாளர் புகாரைச் சொல்லுங்கள். கடைசியில் எதை மாற்றினீர்கள்?” பதில் சொல்பவர் பெட்டி, வெளிச்சம், வரைபடம், பொருத்தும் கருவி என்று ஏதாவது ஒன்றைக் காட்டினால் யோசிக்காமல் அனுப்பி வையுங்கள். “ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்தோம்” என்று மட்டும் வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வேறு இடம் பார்ப்போம்.